'ரிகர்' என்றால் கண்டிப்பா, காய்ச்சலா?

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் நேரம். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஓய்வு பெற்ற ஹைஸ்கூல் தலைமையாசிரியர். வயது 72. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வாத்தியார்களை 'சார்வாள்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் தெருவில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர்.

"என்ன சார்வாள், எப்படி இருக்கீங்க?" என்றேன். பதில் இல்லை. வேறு யாரோ கூப்பிட்டது போல அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

கூட வந்த மருமகள் பதறினார். "மாமாவுக்கு நாலு நாளாக் காய்ச்சல் டாக்டர். முந்தாநாள் ஒரு ஆஸ்பத்திரியில காட்டினோம். கண்டிப்பாப் பத்தியம் இருக்கணும்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நேத்துலேர்ந்து வெறும் கஞ்சித் தண்ணிதான். அதையும் அளந்துதான் குடிக்காங்க. சாயங்காலம் கட்டிலே ஆடுற மாதிரி குளிரு வந்துட்டு. மூணு போர்வை போத்தியும் நிக்கல. உங்க நிலவேம்புக் குடிநீர் குடுத்தா சரியாயிரும்னு கூட்டிட்டு வந்தோம்."

"பத்தியம்னு எங்கம்மா எழுதியிருக்கு? சீட்டைக் காட்டுங்க."

வாங்கிப் பார்த்தேன. அவசரக் கையெழுத்தில் நாலு வரி. காய்ச்சல், சிறுநீர்ப் பரிசோதனை, இரண்டு மாத்திரைகளின் பெயர்கள். கடைசி வரியில், 'ரிகர்ஸ் - ரிவ்யூ'. அவ்வளவுதான்.

"மாமாவே டிக்ஷனரி எடுத்துப் பார்த்தாங்க டாக்டர். ரிகர்னா கடுமை, கண்டிப்புன்னு போட்டிருக்காம். கண்டிப்பாப் பத்தியம் இருந்துட்டு மறுபடி வந்து காட்டணும்னு அர்த்தம் சொன்னாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அகராதி பொய் சொல்லவில்லை. சார்வாளின் இங்கிலீஷிலும் தப்பில்லை. ஆனால் அந்த டாக்டர் எழுதியது இது: 'குளிர் நடுக்கம் வந்தால் திரும்பக் கொண்டு வந்து காட்டவும்.'

நாடி பிடித்தேன். துள்ளி ஓடியது. மூச்சு வாங்கியது. நெற்றி கொதித்தது, கை விரல்களோ சில்லென்று இருந்தன. "ஒண்ணுக்கு எப்போம்மா போனாங்க?" "காலையில கொஞ்சமாப் போனாங்க." சார்வாளுக்குப் பிராஸ்டேட் வீக்கம் உண்டு என்பது எனக்கு முன்பே தெரியும். நிலவேம்புப் பொட்டலத்தைத் தொடவே இல்லை. அதே ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டு, "பெரியாஸ்பத்திரிக்கு விடுப்பா" என்றேன்.

சார்வாள் என்ன ஆனார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஏனென்றால், நாளை உங்கள் வீட்டுச் சீட்டிலும் இது இருக்கலாம்.

ஒரு வேர், மூன்று கிளை

'ரிகர்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். லத்தீனில் அதற்கு முதல் பொருள், விறைப்பு. அதிலிருந்துதான் மற்ற அர்த்தங்கள் எல்லாம் கிளைத்தன. குளிரில் உடம்பு விறைத்து நடுங்கினால் ரிகர். உயிர் போனபின் உடம்பு விறைத்துப் போனால் அதுவும் ரிகர். மனுஷனோ சட்டமோ வளைந்து கொடுக்காமல் விறைப்பாக நின்றால் அதுவும் ரிகர்தான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் தமிழைப் பாருங்கள். 'பனியில கை விறைச்சுப் போச்சு' என்கிறோம். 'பிணம் விறைச்சுட்டுது' என்கிறோம். 'அந்த ஆளு ரொம்ப விறைப்பு, சிரிக்கவே மாட்டாரு' என்றும் சொல்கிறோம். ஒரே சொல், மூன்று காரியம்! எந்த இடத்தில் எது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்தவர் பாஷை என்று வரும்போதுதான் சிக்கல்.

எழுத்தில் ஒரு சின்ன அடையாளம் உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் கண்டிப்பைக் குறிக்கும் சொல்லில் கடைசிக்கு முன்னால் ஒரு 'யு' எழுத்தைச் சேர்ப்பார்கள். நடுக்கத்தைக் குறிக்கும் மருத்துவச் சொல்லில் அந்த 'யு' கிடையாது. சிலர் அதை 'ரைகர்' என்று உச்சரிப்பதும் உண்டு. அமெரிக்கர்களோ இரண்டையும் 'யு' இல்லாமலே எழுதிவிடுகிறார்கள். டாக்டர் கையெழுத்தில் 'யு' இருக்கிறதா இல்லையா என்று யார் கண்டுபிடிப்பது! ஆகவே எழுத்தை நம்பாதீர்கள். இடத்தைப் பாருங்கள். காய்ச்சல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'ரிகர்' இருந்தால் அது நடுக்கம். பத்தியம் அல்ல.

உடம்பு கொதிக்கும்போது குளிர்வது ஏன்?

'உடம்பு நெருப்பாச் சுடுது, ஆனா குளிருதுங்கறான்' என்று தாய்மார்கள் குழம்புவார்கள். விஷயம் எளிது. இஸ்திரிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். திருகைக் குறைவான சூட்டில் வைத்திருக்கிறீர்கள். திடீரென்று அதிகச் சூட்டுக்குத் திருப்பினால் என்ன ஆகும்? சிவப்பு விளக்கு எரியும். கேட்ட சூடு வரும் வரை பெட்டி மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

நம் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அந்தத் திருகு. வழக்கமாக அது ஏறத்தாழ 98.6 டிகிரியில் நிற்கிறது. கிருமி ரத்தத்தில் நுழையும்போது, அதை எதிர்க்க உடம்பு சுரக்கும் சில பொருள்கள் இந்தத் திருகை 102, 103 என்று மேலே திருப்பிவிடுகின்றன. அந்த நிமிஷத்தில் ரத்தத்தின் சூடு பழைய 98.6-லேயே இருக்கிறது. புதுக் கணக்குப்படி அது 'குளிர்'. உடனே தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கை கால் சில்லிடுகிறது. தசைகள் தாமாகவே வேகமாகச் சுருங்கி விரிந்து சூட்டை உண்டாக்குகின்றன. இதுதான் நடுக்கம். கேட்ட சூடு வந்ததும் நடுக்கம் நிற்கிறது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கிறது. பிறகு திருகு இறங்கும்போது வேர்த்துக் கொட்டுகிறது.

இதிலிருந்து ஒரு பாடம். நடுக்கம் ஆரம்பித்த உடனே தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் குறைவாகத்தான் காட்டும். 'காய்ச்சலே இல்லையே, வெறும் குளிர்தான்' என்று விட்டுவிடாதீர்கள். அரை மணி கழித்து இன்னொரு தரம் பாருங்கள்.

சாதாரணக் குளிரா, ரிகரா?

லேசாகக் குளிர்வது, போர்வை தேடுவது எல்லாக் காய்ச்சலிலும் உண்டு. அது வேறு. ரிகர் என்றால் பல் கிட்டித்து அடிக்கும். கட்டில் அதிரும். கையில் டம்ளர் நிற்காது. 'நடுங்காதே' என்றால் நிறுத்த முடியாது. நம் சித்த நூல்கள் இதைக் குளிர்சுரம், நளிர்சுரம் என்றும், நாள் முறை வைத்துத் திரும்பத் திரும்ப வருவதை முறைச்சுரம் என்றும் பிரித்துச் சொல்கின்றன.

வலிப்போடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரிகரில் ஆள் நினைவோடு இருப்பார். கேட்டால் நடுக்கத்தோடேயே பதில் சொல்வார். வலிப்பில் பெரும்பாலும் நினைவு தப்பும், கண் மேலே செருகும்.

முறை வைத்து வரும் குளிர்க்காய்ச்சல் என்றதும் மலேரியா நினைவுக்கு வரும். வைவாக்ஸ் வகையில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வரும். மலேரியே என்ற வகையில் 72 மணி நேரம். இந்தக் கணக்கு எல்லோருக்கும் இவ்வளவு ஒழுங்காக அமையாது. ஆகவே கணக்கு ஒத்துவரவில்லை என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றிச் சிறுநீரகம் வரை ஏறுவது, பித்தக் குழாயில் கல் அடைத்துச் சீழ் வைப்பது, நிமோனியா, எலிக்காய்ச்சல், பிரசவத்துக்குப் பிந்திய தொற்று இவற்றிலும் ரிகர் வரும். எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது, கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவுவதுதான். அங்கே தாமதம் ஆகாது.

செத்த பின் வரும் ரிகர்

துப்பறியும் கதை படிப்பவர்களுக்கு 'ரிகர் மார்ட்டிஸ்' தெரிந்திருக்கும். மரண விறைப்பு. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது, சட்ட மருத்துவப் பாடத்தில்தான் 'ரிகர்' என்ற சொல்லையே முதலில் கேட்டேன். தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, சுருங்கிய தசை இளகுவதற்கும் ஏ.டி.பி. என்ற சக்திப் பொருள் வேண்டும். உயிர் போனபின் அது தீர்ந்துவிடுகிறது. தசை இளக முடியாமல் பூட்டிக்கொள்கிறது. கண்ணிமை, தாடை என்று தொடங்கிக் கீழே பரவும். நம் ஊர் வெக்கையில் இது சீக்கிரமே வந்து, சீக்கிரமே விலகும்.

சாவு வீட்டில் பெரியவர்கள் முதல் வேலையாகக் கண்ணை மூடி, தாடையைச் சேர்த்துத் துணி கட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறார்களே, ஏன்? விறைத்த பிறகு வாயை மூட முடியாது, காலைச் சேர்க்க முடியாது. ஏ.டி.பி. தெரியாத நம் பாட்டிமார்களுக்கு அந்த அனுபவம் தெரிந்திருந்தது.

கண்டிப்பு என்னும் ரிகர்

இப்போது சார்வாள் படித்த அர்த்தத்துக்கு வருவோம். பேப்பரில் 'ஏழாண்டு கடுங்காவல்' என்று படிக்கிறோம் அல்லவா? ஆங்கிலத்தில் அதை 'ரிகரஸ்' சிறை என்பார்கள். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் சிறைவாசத்தை இரண்டாகப் பிரித்தது. கடின உழைப்போடு கூடியது கடுங்காவல். அது இல்லாதது வெறுங்காவல். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்தப் பிரிவு அப்படியே தொடர்கிறது.

வைத்தியத்திலும் கண்டிப்பு உண்டு. அதற்குத்தான் நம் முன்னோர் பத்தியம் என்று பெயர் வைத்தார்கள். கடும்பத்தியம் உண்டு; மருந்து முடிந்த பின்னும் சில நாள் காக்கும் மறுபத்தியம் உண்டு. ஆனால் பத்தியம் என்பது நோய்க்கும் மருந்துக்கும் ஆளுக்கும் தகுந்தபடி வைத்தியன் வகுப்பது. 'லங்கணம் பரம ஔஷதம்' என்று சொல்லிக்கொண்டு காய்ச்சல்காரரை எல்லாம் பட்டினி போடுவது பத்தியம் ஆகாது. திடமான வாலிபன் ஒருவேளை சாப்பாட்டை விட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. 72 வயசுக்காரரும், கைக்குழந்தையும், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவரும் அப்படியா? சிறுநீர்த் தொற்று உள்ளவர் தண்ணீரைக் குறைத்தால் என்ன ஆகும்? சிறுநீர் குறையும். கிருமி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே பெருகும். சார்வாளுக்கு நடந்தது அதுதான்.

கண்டிப்பு வேண்டிய இடம் வேறு. வைவாக்ஸ் மலேரியாவுக்கு 14 நாள் மாத்திரை கொடுப்பார்கள். மூன்றாம் நாளே குளிர் விட்டுவிடும். 'அதான் சரியாயிட்டே' என்று மாத்திரையை நிறுத்தினால், ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி சில மாதம் கழித்து மறுபடி தலைதூக்கும். அங்கே ஒருநாள்கூட விடாமல் விறைப்பாக இருங்கள்.

வைத்தியனுக்கும் ஒரு ரிகர்

ஆராய்ச்சியாளர்கள் 'ரிகர்' என்றால் அது, நாமே நம்மை ஏமாற்றிக்கொள்ளாமல் சோதித்துப் பார்க்கும் கட்டுப்பாடு. இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. அடிபட்டுத்தான் கற்றேன்.

1998-ல் நான் புதிதாக வைத்தியம் ஆரம்பித்திருந்தேன். பம்பாய்க்கு லாரியில் போய்த் திரும்பிய பையன் ஒருவன் நடுங்கிக்கொண்டு வந்தான். கஷாயம் கொடுத்தேன். மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தான். காய்ச்சல் இல்லை, குளிர் இல்லை. 'ஒரே வேளையில நின்னுட்டு டாக்டர்' என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நாள் அதே நேரத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், முன்னைவிடப் பெரிய நடுக்கத்தோடு. ரத்தம் எடுத்துப் பார்த்தால் வைவாக்ஸ் மலேரியா. நடுவில் குளிர் வராத நாள், அந்த நோய்க்கே உரிய ஓய்வு நாள்! அதை என் கஷாயத்தின் வெற்றி என்று நினைத்துவிட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுப் பிழைத்தான். அன்றிலிருந்து, குளிர் நடுக்கத்தோடு வருகிறவருக்கு ரத்தமும் சிறுநீரும் பார்க்காமல் நான் மருந்து கொடுப்பதில்லை.

பாரம்பரிய வைத்தியத்துக்கு இந்தக் கட்டுப்பாடு ஒத்துவராது என்று எங்களிலேயே சிலர் சொல்வார்கள். சீனாவின் தூ யூயூ அம்மையாரைப் பாருங்கள். மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழைய சீன வைத்திய ஏடுகளைப் புரட்டினார். நம் மாசிப்பத்திரிக்கு உறவான ஒரு செடியின் சாறு ஒருமுறை பலித்தது, இன்னொரு முறை பலிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டு வைத்தியர் கெ ஹோங் அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தாரே தவிர, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் சத்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த சூட்டிலேயே ஈதரால் பிரித்தெடுத்தார். 1971-ல் 191-ஆவது சாறு விலங்குச் சோதனையில் முழுமையாக வென்றது. 1972-ல் நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன், தாமும் சக ஊழியர்களுமாகத் தாங்களே சாப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த ஆர்ட்டிமிசினின் மருந்துக்காக 2015-ல் அவருக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது. ஏடும் பொய்யாகவில்லை, சோதனையும் தளரவில்லை. நாங்கள் பின்பற்ற வேண்டிய விறைப்பு அதுதான்.

வீட்டில் குளிர் நடுக்கம் வந்தால்...

* நடுங்கும்போது ஒரு போர்வை போதும். நடுக்கம் நின்று உடம்பு சுட ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள். மூன்று கம்பளியால் மூடி வைக்காதீர்கள்.

* நடுங்குகிறவருக்கு ஐஸ் தண்ணீர் ஒற்றடம் வேண்டாம். நடுக்கம் கூடத்தான் செய்யும்.

* எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அரை மணி கழித்துக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

* நினைவோடு இருப்பவருக்குக் கஞ்சி, இளநீர், வெந்நீர் அடிக்கடி கொடுங்கள். இருதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அவரவர் டாக்டர் சொன்ன அளவு.

* வீட்டில் மிச்சமிருக்கும் பழைய ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

* குடிநீர், கஷாயம் எதுவானாலும் பரிசோதனைக்குத் துணையாக இருக்கலாம். பரிசோதனைக்குப் பதிலாக ஆகாது.

* நடுக்கத்தோடு பேச்சுக் குழப்பம், மூச்சுத் திணறல், கழுத்து விறைப்பு, சிறுநீர் குறைவு, மயக்கம், தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி.

* பிரசவமான பெண், சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர், டயாலிசிஸ் அல்லது புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், சர்க்கரை நோயாளி, முதியவர் ஆகியோருக்கு ஒரே ஒரு ரிகர் வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். பச்சைக் குழந்தைக்கு நடுக்கமே வராமல் போகலாம். பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

* டிரிப்ஸோ ரத்தமோ ஏறும்போது நடுக்கம் வந்தால் அந்த நிமிஷமே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

* எல்லாவற்றுக்கும் மேலாக, சீட்டில் புரியாத சொல் இருந்தால் எழுதியவரிடமே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: 'குளிர் நடுக்கம் வந்தால் உடனே வரவும்' என்று தமிழில் எழுத அரை நிமிஷம் ஆகுமா?

சார்வாள் பிழைத்துக்கொண்டார். சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் கலந்திருந்தது. பத்து நாள் ஊசி மருந்து ஏறியது. 'இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தா சிரமம்' என்றார் அங்கிருந்த டாக்டர்.

ஒரு மாதம் கழித்து என் கிளினிக்குக்கு நடந்தே வந்தார். பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. உட்கார்ந்ததும், "முப்பத்தஞ்சு வருஷம் அர்த்தம் சொல்லிக் குடுத்தவன்யா நான். இடத்தைப் பார்த்துத்தான் அர்த்தம் சொல்லணும்னு எத்தனை பயலுவளை அடிச்சிருப்பேன்! கடைசியில எனக்கே மறந்துட்டு பாத்தியா?" என்றார்.

"பரவாயில்ல சார்வாள். தண்ணி ஒழுங்காக் குடிக்கீங்களா?"

கூட வந்த மருமகள் முந்திக்கொண்டார். "அதுல இப்ப நான்தான் டாக்டர் ரிகர்!"